புழுவுக்கும் துணை உண்டு

மனிதரிடம் இல்லாத ஒரு புரதம் புழுவிடம் இருக்கிறதா என்று தேடிச் சொல்வதற்காகத்தான் எனக்குச் சம்பளம் தந்தார்கள். கேட்பவர்களுக்கு இது ஒரு வேலையாகவே தோன்றாது. என் அண்ணன் அபிலாஷ் மஸ்கட்டில் இருந்து ஃபோன் செய்யும்போதெல்லாம், "பிள்ளே பிரசீதா, உன் புழு சொகமா இருக்கா?" என்றுதான் தொடங்குவான். புழு சுகமாகத்தான் இருந்தது. அதுதான் பிரச்சினையே.

யானைக்கால் புழுவைச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் அந்த நோய்க்கு மந்து என்று பெயர். தாய்ப்புழு நூல் இழை போல மனித உடம்பின் நிணநீர்க் குழாயில் குடியேறி, வருடக் கணக்கில் அங்கேயே இருந்து குட்டி போடும். கொசு கடிக்கிற நேரம் பார்த்து, இரவானால் குட்டிகள் ரத்தத்துக்கு வரும். அரசாங்கம் கொடுக்கிற மாத்திரை குட்டிகளைக் கொல்லும்; தாய்க்கு அவ்வளவாக ஒன்றும் ஆகாது. வாடகை கொடுக்காதவனைக் காலி செய்வது போலத்தான், தாய்ப்புழுவைக் கிளப்புவதும் லேசான காரியமில்லை. கண்ட விஷத்தைக் கொடுத்தால் புழுவோடு மனிதனும் போய்விடுவான். அதனால் புழுவுக்கு மட்டுமே உள்ள ஒரு புரதத்தைக் கண்டுபிடித்து, அதை மட்டும் முடக்குகிற மருந்தைத் தேட வேண்டும். எந்தப் புரதத்தை எப்படிச் செய்வது என்ற குறிப்பு டி.என்.ஏ.வில் இருக்கிறது. ஆகவே 1996-ல் உலகத்தின் பல மூலைகளில் சிலர் உட்கார்ந்து அந்தப் புழுவின் டி.என்.ஏ.வைத் துண்டு துண்டாக வாசித்துக்கொண்டிருந்தோம். அதில் ஒரு மூலையில் நான்.

வீடு உதியன்குளங்கரையில் இருந்து உள்ளே போகிற வழியில். வேலை திருவனந்தபுரத்தில். காலையில் பாறசாலையில் ரயில் ஏறினால் சாயங்காலம் அதே பாறசாலையில் வந்து இறங்குவேன். நானும் என் கணவர் ஜெயனும் ஒரே ஆய்வுக்கூடத்தில் வேலை செய்தவர்கள். டி.என்.ஏ. வாசிப்பு அன்றைக்கு இரண்டு பேர் செய்கிற வேலை. எக்ஸ்ரே ஃபிலிம் போல ஒரு தாள். அதில் ஏ, சி, ஜி, டி என்று நான்கு வரிசை, வரிசைக்குள் ஏணிப்படி மாதிரி கறுப்புக் கோடுகள். ஒருவர் விரலை வைத்து ஒவ்வொரு படியாக மேலேறி எழுத்தைச் சொல்ல வேண்டும். மற்றவர் எழுத வேண்டும். ஜெயன் சொல்வார், நான் எழுதுவேன். எங்கள் கல்யாண வாழ்க்கையில் நாங்கள் அதிகம் பேசிக்கொண்டது இந்த நாலு எழுத்தைத்தான் என்று நான் கேலி செய்வதுண்டு.

தொண்ணூற்று மூன்றில் இரண்டு வருடம் என்று சொல்லி அவர் அமெரிக்கா போனார். அமெரிக்காவில் இரண்டு வருடம் என்றால் நம் கணக்கில் எத்தனையோ, எனக்குத் தெரியவில்லை. முதலில் வாரத்துக்கு ஒருமுறை ஃபோன் வந்தது. பிறகு மாதத்துக்கு ஒன்று. பிறகு ஓணத்துக்கு ஓணம். அப்புறம் ஓணமும் வராமல் போயிற்று. எங்களுக்குள் சண்டை ஒன்றும் இல்லை. சண்டை போட்டிருந்தாலாவது பேசியிருப்போம்.

தனியாக ஃபிலிம் வாசித்தால், எழுதுவதற்குக் குனிந்து நிமிர்வதற்குள் படி தவறிவிடும். அதற்கு நான் ஒரு வழி செய்தேன். டேப் ரிகார்டர் வாங்கினேன். ஃபிலிமை வீட்டுக்குக் கொண்டுவந்து, வெளிச்சம் விழுகிற ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி, எழுத்துகளைச் சத்தமாக வாசித்துப் பதிவு செய்வேன். பிறகு அதைப் போட்டுக் கேட்டு எழுதுவேன். பக்கத்து வீட்டு சத்யபாமா சேச்சி ஒருநாள் மதிலருகில் வந்து, "பிரசீதே, இது எந்த மந்திரமாக்கும்? பலன் உண்டா?" என்று கேட்டார். பலன் இருந்தால் நான் ஏன் தனியாக இருக்கிறேன் என்று வாய் வரைக்கும் வந்தது. வீட்டில் என்னோடு பேசுகிற ஒரே குரல் என்னுடையதாகப் போயிற்று; அதுவும் நாலே எழுத்தில்.

புழு வேண்டுமானால் ரத்தம் வேண்டும். ரத்தத்துக்கு நான் கடற்கரைக்குப் போனேன். பொழியூர்ப் பக்கத்து மீனவர் குடியிருப்புகளில் இரவில் விரலில் குத்தி ரத்தம் எடுக்கிற எங்கள் குழுவுக்கு, கிரகோரி அண்ணன்தான் டார்ச் பிடித்து முன்னால் நடப்பார். கட்டுமரக்காரர், கடலுக்குக் கேட்கிற மாதிரி பேசியே பழகிய தொண்டை. "எலே, ஃபைலேரியா மேடம் வந்திருக்கு, விரல நீட்டுங்கலே" என்று அவர் கத்தினால், தூங்குகிறவர்கள் எழுந்து வந்து விரலை நீட்டுவார்கள். அந்தப் பெயர் எனக்கு நிலைத்துவிட்டது. பகலில் நான் கடற்கரைப் பாதையில் நடந்தால்கூட, இவள் யார் வீட்டுக்குப் போகிறாள், அங்கே யாருக்கு மந்து என்று கண்கள் பின்னாலேயே வரும். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது.

கிரகோரி அண்ணனின் மனைவிக்கு இரண்டு காலிலும் மந்து. ஞாயிற்றுக்கிழமைதோறும் அவளை முதுகில் சுமந்து பள்ளிக்கு, அதாவது சர்ச்சுக்கு, பூசைக்குக் கொண்டுபோனவர் அவர். அவள் இறந்த பிறகு ஊரறிய ஒரு வார்த்தை சொன்னார்: மந்துள்ள பெண்ணை என் மகனுக்குக் கட்டமாட்டேன். நான் அவரிடம் வாதாடியிருக்கிறேன்.

"அது கொசுவால வாறது அண்ணே. பெண்ணால இல்ல. உங்களுக்கே வரலாமே."

"அறியும் மேடமே. நீங்க படிச்சவங்க, செரியாத்தான் சொல்லுவிய. ஆனா நான் சொமந்தவனாக்கும்."

அன்றிரவும் அவர்தான் டார்ச் பிடித்து எனக்கு முன்னால் நடந்தார்.

அந்தக் குடியிருப்பில்தான் லில்லிக்குட்டி இருந்தாள். இருபத்திரண்டு வயது. கால் இரண்டும் கடைந்தெடுத்த மாதிரி இருந்தன, ஒரு வீக்கமும் இல்லை. ரத்தத்தில் மட்டும் புழுக்குட்டிகள் கும்மாளம் போட்டன. மைக்ராஸ்கோப்பில் காட்டியபோது, "நெத்திலிக் குஞ்சு துள்ளுத மாதிரி கெடக்கு மேடம்" என்று சொல்லிச் சிரித்தவள், பிறகுதான் அது தன் ரத்தம் என்று உறைத்து அழுதாள். அரசாங்க மாத்திரையை ஒருமுறை விழுங்கினாள். குட்டிகள் ஒரேயடியாகச் சாகும்போது காய்ச்சல் தூக்கியடிக்கும். அவள் இரண்டு நாள் குலுங்கிக் கிடந்தாள். தெருவுக்குத் தெரிந்துவிடும் என்ற பயத்தில் அவள் அம்மா மீதி மாத்திரையைக் கடலில் எறிந்துவிட்டாள். விவரம் அந்த வீட்டுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். அதன் பிறகும், நான் போகும்போதெல்லாம் லில்லி யார் கண்ணிலும் படாமல் ஒரு சிரிஞ்சு ரத்தம் தருவாள். "இதுல மருந்து உண்டாக்கி எனக்குத்தான் மொதல்ல தரணும்" என்பாள். அதற்கு இருபது வருடம் ஆகலாம் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

அவள் ரத்தத்திலிருந்தும் வேறு சிலர் ரத்தத்திலிருந்தும் பிரித்த புழுக்களின் டி.என்.ஏ.வை வாசித்தபோதுதான் கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது. புழுவின் எழுத்துகளுக்கு நடுவே பாக்டீரியாவின் எழுத்துகள். கம்ப்யூட்டரில் போட்டு ஒப்பிட்டால், பூச்சிகளின் உடம்புக்குள் குடியிருக்கும் ஒரு வகை பாக்டீரியாவின் புரதத்தோடு பொருந்தியது. புழுவில் அதற்கு என்ன வேலை?

"அழுக்கு," என்றார் எங்கள் தலைவர் சோமன் சார். "தண்ணியில அழுக்கு, இல்லேன்னா உன் கையில அழுக்கு. நல்லா கழுவு."

கழுவினேன். குழாயை மாற்றினேன், தண்ணீரை மாற்றினேன், எல்லாவற்றையும் காய்ச்சினேன். மறுபடியும் அதே எழுத்துகள். வெறும் தண்ணீரில் செய்து பார்த்தால் ஒன்றும் வரவில்லை. என் ரத்தத்தையே எடுத்துச் செய்து பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. புழு இருந்தால் மட்டும் வந்தது. ஆய்வுக்கூடத்தில் எனக்கு 'குளிமுறி', அதாவது குளியலறை, என்று பட்டப்பெயர் வைத்தார்கள். எப்போது பார்த்தாலும் எதையாவது கழுவிக்கொண்டிருக்கிறேனாம். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. ஜெயன் பக்கத்தில் இருந்திருந்தால் இருவருமாகச் சேர்ந்து கோபப்பட்டிருப்போம். தனியாகக் கோபப்படுவது போல அலுப்பான காரியம் இல்லை.

அடுத்த முறை லில்லியின் ரத்தத்தில் குட்டிகள் குறைந்திருந்தன. அதற்கடுத்த முறை தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது. பிறகு ஒன்றுமே இல்லை. எனக்குச் சந்தேகம் வந்தது.

"எலே, நீ அந்த மந்துக் குளிகைய மறுபடியும் தின்னியா?"

"மாதாவாண இல்ல மேடம். அது தின்னுட்டு நான் பனிச்சுக் கெடந்தது எனக்கல்லா அறியும்." பனி என்றால் அங்கே காய்ச்சல்.

"அப்போ வேற என்னத்த முழுங்கின?"

அவள் வெட்கப்பட்டாள். "மொகக்குருவுக்கு நெய்யாற்றின்கரையில ஒரு டாக்டர் கேப்சூல் எழுதினாரு. கொறே மாசமா திங்குதேன்."

அட்டையைக் கொண்டுவந்து காட்டினாள். டெட்ராசைக்ளின். முகப்பருவுக்கு மாதக் கணக்கில் கொடுப்பார்கள். பாக்டீரியாவைக் கொல்கிற மருந்து அது. புழு அதைக் கண்டுகொள்ளவே கூடாது. பஸ்ஸில் திரும்பி வரும்போது, நடுப்பகலில் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. என் ஃபிலிமில் இருந்தது அழுக்கு இல்லை. அது புழுவுக்குள்ளேயே குடியிருக்கிறது. அது செத்தால் புழுவால் குட்டி போட முடியவில்லை; ஒருவேளை உயிரோடு இருக்கவும் முடியாது. அப்படியென்றால் இருபது வருடம் காத்திருக்க வேண்டாம். மருந்து ஏற்கெனவே கடையில் இருக்கிறது, முகப்பருவுக்கு!

சோமன் சார் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "ஒரு பெண்ணு, ஒரு மொகக்குரு. இத எழுதி அனுப்பினா ஊரு சிரிக்கும் பிரசீதே" என்றார். "கேப்சூல நிறுத்தச் சொல்லு. ஒரு வருசம் கழியட்டும். அப்பவும் ரத்தம் சுத்தமா இருந்தா, ஆஸ்பத்திரியில சேர்த்து, டாக்டர் முன்னால எடுத்து, பேரு வெச்சு கையெழுத்து வாங்கிட்டு வா. நான் கூட நிக்குறேன்." அவர் சொன்னதில் தப்பில்லை என்பதுதான் எனக்கு எரிச்சல்.

அந்த ஒரு வருடத்தில் வேறு பருவும் வேறு பெண்ணும் எனக்குக் கிடைக்கவில்லை. என் நம்பிக்கை முழுவதும் லில்லியின் ஒரு சொட்டு ரத்தத்தில் இருந்தது. வருடம் முடிகிற சமயத்தில் அவள் டெலிஃபோன் பூத்தில் இருந்து ஆய்வுக்கூடத்துக்கு அழைத்தாள். "மேடம், இனி வீட்டுக்கு வரப்பிடாது, கேட்டியளா? எனக்கு கல்யாணம் ஒறப்பிச்சாச்சு. கிரகோரி மாமனுக்க மோன் ஆன்டோ." பூத்துக்காரர் கேட்டுவிடுவாரோ என்று அவள் பயந்தது எனக்குக் கேட்டது. ஃபைலேரியா மேடம் ஒருமுறை அந்த வாசலை மிதித்தால் போதும், கல்யாணம் நின்றுவிடும். நான் போகவில்லை. சந்தோஷமாக விட்டுக்கொடுத்தேன் என்று பொய் சொல்ல மாட்டேன். பல நாள் வயிறு எரிந்தது.

கல்யாணத்துக்கு முந்தைய மாதம், ஒரு இரண்டாம் சனிக்கிழமை. எனக்கு லீவு. ஜன்னலில் ஃபிலிமை ஒட்டிக்கொண்டிருக்கும்போது கேட் திறக்கும் சத்தம். லில்லிக்குட்டி, நல்ல சேலை உடுத்து, கையில் துணிக்கடைக் கவருடன் நின்றாள். எங்கள் பக்கத்தில் கல்யாணம் விளிப்பது என்றால், வீடேறி வந்து, முகத்தைப் பார்த்து, வாயால் விளிக்க வேண்டும். வெறுமனே கார்டு அனுப்பினால் அது விளித்ததாகாது. எனக்கு வருகிற கார்டுகள் எல்லாம் ஆபீஸுக்கு மொத்தமாக வந்து நோட்டீஸ் போர்டில் தொங்குகிறவை. வீடேறி வந்து விளிக்க எனக்கும் ஒருத்தி இருக்கிறாள் என்று பூரித்துப்போய், நாற்காலியைத் துடைத்துப் போட்டேன்.

"கல்யாணம் விளிக்க வந்தியா மக்கா?"

அவள் தரையைப் பார்த்தாள். "ரத்தம் தர வந்தேன் சேச்சி."

அவள் என்னைச் சேச்சி என்று அழைத்தது அதுதான் முதல் தடவை.

"இது ஒடம்புல உண்டா இல்லியான்னு அறியாம அந்த வீட்டுல போயி கேற எனக்கு ஒக்காது. மாமன் அந்த மாமிய சொமந்தத நான் சின்னதுல இருந்தே பாத்திருக்கேன். இப்பவும் கெடக்குதுன்னா நானே போயி அவருகிட்ட சொல்லிருவேன். கல்யாணம் போனா போட்டு."

"ஆன்டோ?"

"ஆன்டோவ எனக்குப் பிடிக்கும்." அவ்வளவுதான் சொன்னாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பகலில் புழுக்குட்டிகள் நுரையீரல் பக்கம் ஒளிந்துகொள்ளும். ஆனால் பழைய அரசாங்க மாத்திரையை ஒன்று கொடுத்தால், ஒரு மணி நேரத்துக்குள் அவை பகலிலும் ரத்தத்துக்கு ஓடிவரும். லில்லி பயந்து நடுங்கிய அதே மாத்திரை.

"பனிக்குமா சேச்சி?"

"உள்ள குட்டிங்க இருந்தா பனிக்கும். இல்லேன்னா ஒண்ணும் செய்யாது."

சிலுவை போட்டுக்கொண்டு விழுங்கினாள். அதன் பிறகு இருவருக்கும் காத்திருப்பதைத் தவிர வேலையில்லை. கட்டன் சாயா போட்டுக் கொடுத்தேன். அவள் குடிக்காமல் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். பார்க்கிற எனக்கே சூடு ஏறுவது போல் இருந்தது.

"ஜன்னல்ல அது என்னது?"

சொன்னேன். பழைய ஒரு புழுவின் எழுத்துகள் என்றும், ஒருவர் சொல்ல ஒருவர் எழுத வேண்டும் என்றும் சொன்னேன். "நான் எழுதட்டா? பத்தாங்கிளாஸ் வர போயிருக்கேன்" என்றாள். நான் ஃபிலிமில் விரலை வைத்துப் படியேறத் தொடங்கினேன். ஏ. டி. டி. ஜி. நான் சொன்ன ஒவ்வொரு எழுத்தையும் அவள் மெல்லத் திருப்பிச் சொல்லிவிட்டு எழுதினாள், ஜெபமாலையில் ஒருவர் தொடங்க மற்றவர்கள் முடிப்பது போல. அந்த வீட்டில் மறுமொழி கேட்டு எத்தனையோ காலமாகியிருந்தது. பாதியில் நிறுத்திவிட்டு, தண்ணீர் குடிக்கப் போகிறவள் போல அடுக்களைக்குள் போய் நின்றுவிட்டு வந்தேன்.

"உங்களுக்க ஆளு எப்ப வருவாரு சேச்சி?"

"வரமாட்டாரு." அதை நான் வாய்விட்டுச் சொல்வதும் அதுதான் முதல் தடவை. சொன்ன பிறகு ஒன்றும் இடிந்து விழவில்லை.

அவள் பேச்சை மாற்றினாள். "இந்த புழுவுக்குள்ள வேற ஒரு ஜீவன் இருக்குன்னா சொல்லுதிய?"

"ஆமா. அது இல்லேன்னா புழுவால இருக்க ஒக்காதுன்னு தோணுது."

"அப்போ புழுவுக்கும் துணை உண்டு" என்றாள் லில்லிக்குட்டி, பெரிய ரகசியத்தைத் தெரிந்துகொண்டவளைப் போல. நான் சிரித்தேன். சிரிப்பு நிற்கவில்லை. அவளும் சிரித்தாள். ஒரு கல்யாணம் நிற்குமா நிற்காதா என்று இருக்கும்போது இரண்டு பேரும் பைத்தியங்கள் மாதிரி சிரித்தோம்.

நேரமாயிற்று. காலேஜ் ஏலத்தில் எடுத்த பழைய மைக்ராஸ்கோப் ஒன்று வீட்டில் இருந்தது. அவள் விரலில் குத்தி ஒரு சொட்டைக் கண்ணாடியில் வைத்துப் பார்த்தேன். வட்ட வட்டமாக ரத்த அணுக்கள். துள்ளல் எதுவும் இல்லை. இன்னொரு சொட்டு. இன்னொரு விரல். மூலைக்கு மூலை தேடினேன். எத்தனையோ முறை அவள் ரத்தத்தில் புழுவைத் தேடியிருக்கிறேன். இருக்கவே கூடாது என்று வேண்டிக்கொண்டு தேடியது அன்றுதான்.

"நீயே பாரு" என்று அவளை இழுத்து உட்கார வைத்தேன். ஒரு கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் பார்த்தாள். "நெத்திலிக் குஞ்சு இல்லியே சேச்சி... இல்லியே..." என்று எழுந்தவள் என்னைக் கட்டிக்கொண்டாள். மீன் வாசமும் பவுடர் வாசமும் கலந்த அந்தக் கழுத்தில் முகத்தை வைத்து நானும் அழுதேன். என்னை யாரும் தொட்டே வெகுகாலம் ஆகியிருந்தது.

சந்தோஷத்தில் எனக்கு நிதானம் போய்விட்டது. "எந்தப் பள்ளியில கெட்டு? எத்தன மணிக்கு? நான் பட்டு உடுத்துட்டு முன்னாலேயே வந்து நிப்பேன் பாத்துக்க."

அவள் கை என் முதுகில் இருந்து நழுவியது.

"சேச்சி வரப்பிடாது."

நான் கண்ணாடித் தகட்டை எடுத்துத் துடைக்கத் தொடங்கினேன்.

"மேடத்துக்கு இவ வீட்டோட என்ன பழக்கம்னு ஒருத்தரு கேட்டா போதும். ஒங்கள விளிக்க ஒக்காதுன்னு நெனச்சா என்னால ஒறங்க ஒக்கல்ல. ரத்தம் தர மட்டுமில்ல, இத நேருல சொல்லவும்தான் வந்தேன். ஆஸ்பத்திரிக்கும் நான் வர மாட்டேன். எனக்க பேரு எங்கயும் எழுதப்பிடாது."

கல்யாணத்துக்கு வர வேண்டாம் என்று வீடேறி வந்து சொல்லிப்போகிற வழக்கம் எந்த ஊரிலும் இல்லை. எனக்கு அது கிடைத்தது. வலித்தது. அவள் மேல் கோபப்படவும் வழியில்லை. அந்தச் சொட்டு ரத்தம் உண்மையைச் சொல்லிவிட்டது. பெயரும் கையெழுத்தும் இல்லாமல் அந்த உண்மையை நான் யாரிடமும் சொல்ல முடியாது. பிற்பாடு வேறு நாட்டுக்காரர்கள் அதே பாக்டீரியாவைப் பற்றி, பெயரும் கையெழுத்தும் உள்ள ஆட்களை வைத்து எழுதினார்கள். சோமன் சார் அந்தக் காகிதத்தை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். அது பிற்பாடு. அன்றைக்கு நான் அவளிடம், "செரி மக்கா, எழுத மாட்டேன். வரவும் மாட்டேன்" என்று மட்டும் சொன்னேன்.

பஸ் ஸ்டாப் வரை கூடப் போனேன். உதியன்குளங்கரை ஜங்ஷனில் சனிக்கிழமைக் கூட்டம். நம்மை யார் கவனிக்கப் போகிறார்கள் என்று பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். பொழியூர் பஸ் தூரத்தில் தெரிந்தபோது, பின்னாலிருந்து கடலுக்குக் கேட்கிற தொண்டை கூப்பிட்டது.

"மேடமே!"

கிரகோரி அண்ணன். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, கக்கத்தில் பை. மகன் கல்யாணத்துக்கு விளித்துவிட்டுத் திரும்புகிறார். சிரித்துக்கொண்டே வந்தவர், என் பக்கத்தில் நின்றவளைப் பார்த்து நின்றுவிட்டார்.

"எலே லில்லி, நீ இஞ்ச என்ன செய்யுத?"

"ஜாக்கட்டு தைக்க வந்தேன் மாமா." துணிக்கடைக் கவரை உயர்த்திக் காட்டினாள். குத்திய விரல்களில் பஞ்சு இருந்தது. கவரோடு சேர்த்துக் கையை மூடிக்கொண்டாள்.

அவர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வாயில் சிரிப்பு அப்படியே இருந்தது, கண்ணில் இல்லை. "மேடத்துக்கு இவள அறியுமா?"

"இல்லியே" என்றேன். "ராத்திரி இருட்டுல நான் விரலத்தான பாக்கேன். யாரு அண்ணே இது?"

அவர் விட்ட மூச்சு எனக்குக் கேட்டது. முகம் பழையபடி மலர்ந்தது. "எனக்க ஆன்டோவுக்க பெண்ணாக்கும் மேடமே! அடுத்த மாசம் கெட்டு. உங்க வீட்டுக்குத்தான் வரணும்னு நெனச்சேன். வழியில வெச்சு விளிக்குதேன்னு ஒண்ணும் நெனைக்கப்பிடாது." பையில் இருந்து கார்டை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார். "நீங்க கண்டிப்பா வரணும். எனக்க பெண்டாட்டிக்க காலக் கழுவித் தந்தவங்கல்லா நீங்க."

அவர் தோளுக்குப் பின்னால் லில்லியின் முகம். உதடு அசையாமல் அவள் என்னிடம் கெஞ்சினாள்.

"அன்னைக்கு வர ஒக்காது அண்ணே."

"அது பற்றாது. ஜீப்பு அனுப்புதேன்."

"ஊர்ல இருக்க மாட்டேன்."

"எங்க போறிய?"

வாயில் வந்ததைச் சொன்னேன். "அமெரிக்காவுக்கு. அவரு வரச்சொல்லியிருக்காரு."

கிரகோரி அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அப்பாடா! அது போதும் மேடமே. எத்தன வருசமாச்சு இந்த ஒத்தைக்குக் கெடப்பு. நான் உங்களுக்கு வேண்டி மாதாகிட்ட மெழுகுதிரி கொளுத்தாத நாள் இல்ல." லில்லியின் பக்கம் திரும்பினார். "கேட்டியா மக்கா? நம்ம கரைக்கு வேண்டி இந்த மேடம் எத்தன ராத்திரி நடந்திருக்கு. இனி மாப்பிளகிட்ட போறாங்க. ரெண்டு நல்ல வார்த்த சொல்லு."

லில்லி என்னைப் பார்த்தாள். "போயிட்டு வாருங்க மேடம்" என்றாள். முகத்தைச் சேலைத் தலைப்பில் புதைத்துக்கொண்டு விசும்பினாள்.

கிரகோரி அண்ணன் பதறவில்லை. பஸ்ஸுக்குக் கை காட்டிக்கொண்டே என்னிடம் விளக்கினார். "ஒண்ணும் நெனைக்காதிய மேடமே. கெட்டு அடுத்தா பெண்ணுகளுக்கு இப்பிடித்தான். தெரியாதவங்க போறதக் கேட்டாலும் கண்ணு நெறையும்."

"ஆமா அண்ணே" என்று நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். "எனக்கும் அப்பிடித்தான் இருக்கு. நானும் போறவளாக்கும்."